கொல்லைப்பக்கத்துக் குளம்

மருதமுத்துவுக்கு உத்தியோகமே தண்ணீரை வெளியே தள்ளுவதுதான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நிலக்கரிச் சுரங்கத்தின் அடிமட்டத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அது வந்து சேருகிற, சம்பு என்கிற பள்ளத்துக்குக் கரையில் நிற்கிற பம்பை ஓட்டுகிறவன் அவன். தண்ணீர் கொஞ்சம் ஏறிவிட்டால் போதும், மேஸ்திரியிலிருந்து எஞ்சினியர்வரை எல்லோரும் அவன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். வேடசந்தூர்ப் பக்கம், ஒரு குடம் தண்ணீருக்குப் பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்ட ஊரில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு வேலை வாய்த்ததை என்னவென்று சொல்வது.

அப்பேர்ப்பட்டவன், பதினாறாம் பிளாக்கில் தன் குவார்ட்டர்ஸ் கொல்லையில் ஒரு மாசி மாதக் காலையில் இடுப்புத் துண்டோடு இறங்கிக் குளம் வெட்டினான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? முதலில் சிரித்தவர் மண்வெட்டி கொடுத்த கொளஞ்சிநாதன்தான். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், சுரங்கத்தில் ஃபிட்டர், மருதமுத்துவைவிட நாலு வயசு மூத்தவர்.

“இன்னா மருது, நாள் பூரா தண்ணிய எறைச்சி எறைச்சி கை ஊறிப்போச்சா? இப்ப வூட்டுலயும் ஒரு சம்பு வெட்டிகினு இருக்க?”

“சம்பு இல்லண்ணே. குளம். மீன் விடப்போறேன்.”

“மீன் வேணும்னா மார்க்கெட்டுக்குப் போயேன். உரிச்சி, துண்டு போட்டுக் குடுக்கறான்.”

“திங்கிறதுக்கு இல்ல.”

“பின்ன?”

மருதமுத்து மண்ணை வாரி மேலே போட்டான். கொளஞ்சிநாதன் கொஞ்ச நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குழிக்குள் இறங்கினார்.

விஷயம் இதுதான். மருதமுத்து பொய் சொல்லிவிட்டான். சொன்ன பொய்யை நிஜமாக்கிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி செல்லக்கிளிக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்றுக் கரையோரம் வீடு. கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்று அவள் குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். “எப்பவும் வருமா?” என்று கேட்டாள். “ராப்பகலா வரும்” என்றான் அவன், ஏதோ தானே மலையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த மாதிரி. அவள் கொல்லைக் கதவைத் திறந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “தண்ணி நெறையத்தான் வருது. பாத்துகினு குந்தறதுக்குத்தான் ஒரு தண்ணி இல்ல” என்றாள். அவன் அன்றைக்குச் சிரித்தான். சிரித்துவிட்டு மறந்தும்போனான்.

போன ஆனியில் அவளை வளையல் அடுக்கிப் பிரசவத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆவணியில் பிள்ளை பிறந்தது. பெண். பிறக்கும்போதே உயிர் இல்லை. சேதி கிடைத்து அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது செல்லக்கிளி ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் அண்ணன் ராஜாங்கமும் அவனுமாகப் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். பெற்றவள் கண்ணில் காட்டக்கூடாது, காட்டினால் உடம்பு தேறாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவன் டூட்டிக்குத் திரும்பினான்.

அதற்குப் பிறகு செல்லக்கிளி வரவில்லை. உடம்பு தேறட்டும் என்றார்கள். ஐப்பசி அடைமழை விடட்டும் என்றார்கள். மார்கழியில் எதற்கு என்றார்கள். தை பிறந்தபிறகு யாரும் எதுவும் சொல்வதை விட்டுவிட்டார்கள். ஆஃப் கிடைக்கிற நாளெல்லாம் வடலூர் போய் பஸ் மாறி மருதமுத்து அங்கே போய் உட்கார்ந்திருப்பான். மாமியார் சோறு போடுவாள். செல்லக்கிளி ரசம் கொண்டுவந்து வைப்பாள், மோர் கொண்டுவந்து வைப்பாள், உள்ளே போய்விடுவாள். ‘வா, போகலாம்’ என்று கேட்க அவனுக்கு நாக்கு எழாது. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் பஸ் ஏறி வரக்கூட ஒரு சாக்கு இருக்காதே. திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் அடைசல் வாடை அடிக்கும். அவள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் புட்டி ஜன்னலில் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து ஒருதரம் மோந்துவிட்டு வைப்பான். ஆம்பளைக்கு இதெல்லாம் அழகா என்று தன்னையே திட்டிக்கொள்வான். மறுநாளும் மோந்து பார்ப்பான்.

மாசியில் ஒருநாள், மோர் ஊற்றிவிட்டு அவள் எழுந்திருக்கப் போனபோது, எங்கிருந்தோ அவன் வாயில் அந்தப் பொய் வந்துவிட்டது.

“கொல்லையில ஒரு குளம் வெட்டியிருக்கேன்.”

அவள் எழுந்திருக்கவில்லை. “எங்க?”

“நம்ம வீட்லதான். மீன் விடலாம்னு.”

“அங்கியா?” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “கொக்கு வந்து பொறுக்கிகினு போயிடும். மீன்கொத்தி ஒண்ணு வந்தா போதும், ஒரே நாள்ல காலி பண்ணிடும்.”

“அதுக்கு என்ன பண்றது?”

“மேல வலை கட்டணும்.”

“வலைக்கு எங்க போறது?”

“அப்பா வலை ஒண்ணு பரண்ல கிடக்கும். கிழிசல். தச்சிக் குடுத்தா ஆவும்.”

ஆவணிக்குப் பிறகு அவள் அவனோடு இவ்வளவு நீளம் பேசியது அன்றைக்குத்தான். மருதமுத்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கியபோதுதான் கொல்லையில் ஒரு முழக்குழிகூட இல்லை என்கிற நினைப்பு வந்தது. விடிந்ததும் மண்வெட்டிக்கு ஓடினான்.

குழி வெட்டிச் செங்கல் கட்டி சிமெண்ட் பூசி முடித்தபோது இடுப்பளவு ஆழத்தில் ஒரு தொட்டி நின்றது. நாம் தொட்டி என்போம். அவன் குளம் என்றான். அன்றைக்கே மீன் விட்டுவிடத் துடித்தவனைக் கொளஞ்சிநாதன் தடுத்தார்.

“அவசரப்படாத. புது சிமெண்டுல காரம் இருக்கும். வாழத்தண்ட வெட்டிப் போட்டு ஊற வை. நாத்தம் அடிக்கும், பரவால்ல. தண்ணிய மாத்து, மறுபடி ஊற வை. காரம் போவாம மீன வுட்டியோ, அத்தினியும் மல்லாந்துடும்.”

ஊறப்போட்டான். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு கஸ்தூரியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு வந்தாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. அவள் வீட்டுக்காரருக்குத் தெர்மல் மின்நிலையத்தில் வேலை. “ஏனுங் தம்பி, சாக்கடையா வெட்டறீங்கோ?” என்றாள். சமாசாரம் தெரிந்தபிறகு ஒரு கிண்ணம் கொள்ளுப்பருப்பை வேலிக்கு மேலாக நீட்டிவிட்டுப் போனாள். 

ஒவ்வொரு வாரமும் சேத்தியாத்தோப்புக்குப் போகும்போது ஒரு கேள்வியோடு போனான். எல்லாவற்றையும் ஒரேநாளில் கேட்டுவிட்டால் அடுத்த வாரத்துக்கு என்ன மிச்சம்? குளத்துக்கு என்ன வேண்டுமோ இல்லையோ, அவனுக்குக் கேள்வி வேண்டியிருந்தது. ஒரு வாரம் வெயில். “உச்சி வெயில்ல தண்ணி கொதிக்குதே?” என்றான். ஒரு மூலைக்கு ஓலைத்தட்டி சாய்த்து வைக்கச் சொன்னாள், அல்லிக்கிழங்கு ஒன்றைச் சேறோடு பையில் போட்டுக் கொடுத்தாள். இன்னொரு வாரம் மீன்கள் பயந்தால் எங்கே போய் ஒளியும் என்று கேட்டான். “ஓட்டப் பான ஒண்ண சாய்ச்சிப் போடுங்க” என்றாள். “இது தெரியாதா?” என்று கேட்டு லேசாகச் சிரித்தாள். தெரியும், இவனுக்கு அது முன்பே தெரியும்.

தேங்கிய தண்ணீர் கெட்டுப்போகும், ஆறு மாதிரி அசைந்துகொண்டே இருந்தால்தான் மீனுக்கு மூச்சு முட்டாது என்று சொன்னதும் அவள்தான். அதற்குத்தான் மோட்டார். பண்ருட்டியில் பழைய இரும்புக் கடையில் ஒரு குட்டி பம்பு மோட்டார் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது. கொளஞ்சிநாதன் அதற்குப் புதிதாகக் கம்பி சுற்றிக்கொண்டு வந்தார். ஓடத்தான் ஓடியது. ஆனால் சத்தம் இருக்கிறதே, மாவு மிஷின் தோற்றது. அடியிலிருந்து தண்ணீரை இழுத்து ஒரு தகர ட்ரம்மில் கொட்டும். ட்ரம்முக்குள் மேலே மணல், நடுவில் கரித்துண்டு, அடியில் கூழாங்கல். அழுக்கெல்லாம் அங்கே தங்கிவிட, தெளிந்த தண்ணீர் ஓட்டை வழியாகக் குளத்தில் விழும். கரி வேறெங்கும் தேடவேண்டியிருக்கவில்லை. சமையலுக்கு வாங்கிவைத்த லெக்கோ கரிக்கட்டி மூட்டை, அவள் போனபிறகு பிரிக்காமலே கிடந்தது. கேண்டீனில் தின்கிறவனுக்கு அடுப்பு எதற்கு? மூட்டையைப் பிரித்து, உடைத்து, கழுவி, முழுவதையும் ட்ரம்முக்குள் போட்டுவிட்டான்.

பங்குனிக் கடைசியில் செல்லக்கிளி தைத்து முடித்த வலையைக் கொடுத்தாள். கூடவே ஒரு தூக்குச் சட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே ஆற்றுத் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள். “அண்ணன்கிட்ட சொல்லிப் புடிச்சேன்” என்றாள். “அசையாம எடுத்துகினு போங்க.” பஸ்ஸில் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிலோமீட்டருக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்த்தான். “என்ன சார், கொழம்பு ஆறிடுச்சா?” என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. இவனும் சிரித்தான்.

சித்திரையில் குளம் குளமாகிவிட்டது. சுவரெல்லாம் பாசி படிந்து, தண்ணீர் இளம்பச்சையாக மாறி, கெண்டைகள் ஒரு விரல் நீளத்துக்கு வளர்ந்து கூட்டமாகத் திரும்பின. கஸ்தூரியம்மாள் தினமும் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை மொண்டுகொண்டு போய்த் தன் ட்ரம்மில் நிரப்பிக்கொண்டாள். அவளுடைய ரோஜாச் செடிக்கு அது நன்றாக ஒத்துக்கொண்டதாம். ஷிப்டு முடிந்து வந்து மருதமுத்து குளத்து விளிம்பில் குந்துவான். பக்கத்தில் இன்னொரு ஆள் குந்துகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் குந்துவான். “வந்து பாரேன்” என்று ஒருதரம் அவளிடம் கேட்டும்விட்டான். அவள் முகம் வாடிவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

வைகாசியில் ராஜாங்கம் வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற மனுஷர் மாதிரி இல்லை, வாசலிலேயே நின்று பேசினார்.

“மாப்ள, தப்பா நெனச்சிக்காதீங்க. வெள்ளிக்கிழம அவள அழைச்சிகினு வரேன். பெட்டிய எடுத்துக்கணும்ங்கறா. தையல் மிஷினையும். அங்கியே நாலு பேருக்குத் தச்சிகினு இருந்துடறேன்ங்கறா. நாங்க சொல்லிப் பாத்துட்டோம்.”

“நான் என்ன தப்பு பண்ணேன் மச்சான்?”

“தெரியல மாப்ள. எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறா.”

ஆக, ஒரே ஒரு நாள். வெள்ளிக்கிழமை காலையில் வந்து சாயங்காலம் பெட்டியோடு போய்விடுவாள். அதற்குள் அவள் மனசு மாறவேண்டும். தன்னிடம் அழகாகச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது, காட்டுவதற்குக் குளம்தான் உண்டு என்பது மருதமுத்துவுக்குத் தெரியும். இதில்தான் கெட்டது குடி.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய அதிகாரி யாராவது பார்வையிட வருகிறார் என்றால், முதல்நாளே சம்பைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இறைத்து, சேற்றை வழித்து, சுரண்டித் துடைத்துவிடுவார்கள். அப்புறம் சுண்ணாம்பு வாளி கிளம்பும். ரோட்டோரக் கல், மரத்தடி, கைப்பிடிச் சுவர், நகராமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் வெள்ளை. இத்தனை வருஷமாக மருதமுத்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். அவன் கைக்கு மரியாதை என்றால் அதுதான் தெரியும். இப்போது வருகிறவள் எந்த அதிகாரியைவிடக் குறைந்தவள்?

வியாழக்கிழமை ஷிப்டு முடிந்து வந்து மீன்களையெல்லாம் அண்டாவில் பிடித்துப் போட்டான். குளத்துப் பச்சைத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வாழைக்கு விட்டான். பாசியைச் சுரண்டித் தேய்த்தான். விளிம்புக்குச் சுண்ணாம்பு அடித்தான். விளிம்பு பளிச்சென்றிருக்க உள்ளே கறுத்துக் கிடந்தது கண்ணை உறுத்தியது. உள்ளேயும் அடித்தான். இரண்டு கோட்டிங். காய்ந்ததும் குழாய்த் தண்ணீரை நிரப்பினான். பார்க்க எப்படி இருந்தது என்கிறீர்கள்! ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டு, மீன்களை உள்ளே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். சிமெண்டுக் காரத்துக்கு வாரக்கணக்கில் வாழைத்தண்டு ஊறப்போட்ட அதே மனுஷன்தான்.

ராஜாங்கம் தங்கையை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, பண்ருட்டியில் பலாப்பழ மண்டிக்காரரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். செல்லக்கிளி இளைத்திருந்தாள். வீட்டுக்குள் வந்து நடுக்கூடத்தில் அந்நிய வீட்டில் நிற்பதுபோல நின்றாள். ஜன்னலில் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தாள்.

“பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு” என்றான் மருதமுத்து. சொல்ல நினைத்தது அது இல்லை. “குளத்தப் பாத்துட்டு அப்புறம் எடுத்துக்கயேன்.”

கொல்லைக் கதவைத் திறந்தாள். வைகாசி வெயில் வெள்ளைத் தொட்டியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன. சில மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“ஐயோ” என்றாள். ஓடிப்போய்த் தண்ணீரில் விரலைவிட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள். “சுண்ணாம்பா? உள்ள சுண்ணாம்பா அடிச்சீங்க?”

“நீ வர்றேன்னு…” என்றான் அவன்.

“பழைய தண்ணி எங்க?”

“வாழைக்கு விட்டுட்டேன்.”

“ஒரு குடம்கூட வைக்கலியா?”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கஸ்தூரியம்மாள் குரல் வந்தது. “என்ற ட்ரம்முல கெடக்குது கண்ணு! ரோசாவுக்கு மொண்டு வெச்சது. தம்பி, நின்னுட்டே இருக்காதீங்கோ, வந்து ஒரு கை புடிங்கோ!”

மருதமுத்துவும் கஸ்தூரியம்மாளுமாக வேலிப் படலைப் பிடுங்கிப்போட்டு, ட்ரம்மைச் சிந்தாமல் இந்தப் பக்கம் நகர்த்தி வந்தார்கள். செல்லக்கிளி புடவையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். உயிர் இருந்ததை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி, வாளித் தண்ணீரில் ஒருமுறை அலசி, ட்ரம்மின் பச்சைத் தண்ணீரில் விட்டாள். “மோட்டாரக் கொண்டாந்து இதுல போடுங்க. தண்ணி மேலருந்து வுழணும். சன்னமா வுழணும்” என்றாள். அவன் மோட்டாரை ட்ரம்முக்குள் போட்டு, குழாயைக் கழியில் கட்டித் தூக்கிப் பிடித்தான். மோட்டார் ஊரைக் கூட்டுகிற சத்தத்தில் ஓடியது. சாய்ந்து கிடந்த ஒரு கெண்டை வாலை ஆட்டி நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. கஸ்தூரியம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இனித் தன் வேலை இங்கே இல்லை என்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

பிழைத்தது கொஞ்சம். செத்தது நிறைய. செத்தவற்றைச் செல்லக்கிளி ஒரு வாழை இலையில் வரிசையாக எடுத்து வைத்தாள். மருதமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழையடிக்குப் போனான். தோண்டினான். அவள் இலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

“அன்னிக்கும் நீங்கதான் தோண்டினீங்களா?” என்று கேட்டாள்.

மண்வெட்டி நின்றுவிட்டது.

“மச்சான்தான் மொதல்ல தோண்டுனாரு” என்றான். “அப்புறம் நான் வாங்கிக்கிட்டேன்.”

“அண்ணன் தோண்டறப்ப பாப்பாவ யார் வச்சிகினு இருந்தது?”

“நான்தான். மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“தொறந்து பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சி? சொல்லுங்க. ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. எங்கம்மா சொல்லல, அண்ணன் சொல்லல. பத்து மாசம் சொமந்தவ நானு. எப்படி இருந்துச்சின்னு எனக்குத் தெரியாது.”

மருதமுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை மாதம் அவன் யாரிடமும் திறக்காத வாய்.

“தலை நெறைய முடி” என்றான். “நெத்தியில வந்து விழுந்துச்சு. ஒதுக்கி விட்டேன். மூக்கு உன்னோடது. நிறம் என்னை மாதிரி, கறுப்பு. ஒரு கை துணிக்கு வெளியில வந்துடுச்சு. உள்ள வச்சேன், மறுபடியும் வந்துடுச்சு. விரலெல்லாம் நீளம் நீளமா… நீ மிஷின்ல துணிய நகத்துவியே, அந்த விரல். அதப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். மச்சான் ‘போதும் மாப்ள, குடுங்க’ன்னாரு. குடுக்க மனசே வரல புள்ள.”

செல்லக்கிளி இலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை முதலில் சத்தமில்லாமல் வந்தது, அப்புறம் சத்தத்தோடு.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ தாங்கமாட்டேன்னாங்க.”

“நீங்க சொல்லாததத்தான் என்னால தாங்க முடியல. மூணாம் நாளே டூட்டிக்குக் கிளம்பிட்டீங்க. சரி, புள்ள போனது இவருக்கு ஒண்ணுமில்ல போலருக்கு, பம்புதான் பெரிசு போலருக்குன்னு நெனச்சிகினு இருந்தேன். அப்படியாப்பட்ட மனுஷன்கூட எப்படி வந்து இருக்கறது?”

“பம்புக்காகப் போகல” என்றான் மருதமுத்து. “உங்க வீட்ல எல்லாரும் இருந்தாங்க. எங்க போய் அழுவேன்? அந்தப் பம்பு போடற சத்தத்துல கத்தி அழுதாலும் பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காது. அதுக்குத்தான் போனேன்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்தாள். பிறகு இருவருமாக இலையைக் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளினார்கள். அவள் இரண்டு கையாலும் மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினாள். ஆற்றங்கரையில் செய்யக் கிடைக்காததை இங்கே செய்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அவள் எழுந்திருக்கும்வரை அவனும் எழுந்திருக்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது சுண்ணாம்புத் தண்ணீர் முழுவதையும் ரோட்டோரச் சாக்கடைக்கு இறைத்துவிட்டு, தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். செல்லக்கிளி வாழைத்தண்டை வெட்டி வெட்டிக் கொடுக்க அவன் உள்ளே போட்டான். இனி மறுபடி ஊறவேண்டும், நாறவேண்டும், பாசி பிடிக்கவேண்டும். ஆவணி ஆகிவிடும். காலையிலிருந்து இருவரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் சமையலறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஒரு மூட்ட லெக்கோ வச்சிட்டுப் போனனே, எங்க?”

மருதமுத்து வடிகட்டி ட்ரம்மைக் கைகாட்டினான்.

“அத்தினியுமா?”

“அத்தனையும்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் வந்துவிட்டது.

வாசலில் ராஜாங்கத்தின் குரல் கேட்டது. தோளில் ஒரு முழுப் பலாப்பழத்தோடு வீட்டுக்குள் நுழைந்து, நேரே கொல்லைக்கு வந்தார். பிடுங்கிப்போட்ட வேலி, நாறுகிற தண்டு, சேறும் சுண்ணாம்புமாக நிற்கிற இரண்டு பேர். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

“இன்னாம்மா இது? பஸ்ஸுக்கு நேரமாவுது. பெட்டி எங்க?”

செல்லக்கிளி ட்ரம்முக்குப் பக்கத்தில் குந்தி உள்ளே பார்த்தாள். சன்னமாக விழுகிற தண்ணீருக்கு அடியில் மிச்சக் கெண்டைகள் ஒன்றாகக் கூடி நின்றன. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த மோட்டார ராத்திரியில நிறுத்திடுவீங்களா?”

“அது எப்படி நிறுத்துறது? நிறுத்துனா மிச்சமும் செத்துப்போகும். விடிய விடிய ஓடணும்.”

“அப்ப இந்தச் சத்தத்துல எப்படிங்க தூங்கறது?”

பம்பு ஓட்டுகிறவனுக்குச் சட்டென்று புரியவில்லை. சத்தத்தைக் குறைக்க அடியில் ரப்பர் வைக்கலாமா, மரக்கட்டை கொடுக்கலாமா என்று மோட்டாரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குத்தான் முதலில் புரிந்தது.

“என்றகிட்டப் பஞ்சு இருக்குது கண்ணு” என்றாள் கஸ்தூரியம்மாள். “காதுக்கு வெச்சுக்கலாம். நாலு லெக்கோவும் தர்றேன், மொதல்ல உலையப் போடு.”

மருதமுத்து நிமிர்ந்தான். ராஜாங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோளிலிருந்த பலாப்பழத்தை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தார்.